ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறந்தாலே ஹேங் ஆகிறது, மவுஸ் மட்டும் நகர்கிறது

ஆல்பம்அக்கா · திங்கள், இரவு 11.10

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பழையதுதான்: ஐ5 நான்காம் தலைமுறை, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. விண்டோஸ் இருப்பது 240 ஜிபி எஸ்எஸ்டியில். படங்கள் எல்லாம் டி டிரைவில், 2 டிபி ஹார்டு டிஸ்க்.

மூன்று வாரமாக உயிரை வாங்குகிறது. மஞ்சள் ஃபோல்டர் படத்தைத் தட்டினால் ஜன்னல் திறக்கிறது, இடது பக்கப் பட்டியல் பாதி வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். ஜன்னல் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப் போகும். டாஸ்க்பாரும் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் தானாகச் சரியாகிவிடும். அடுத்த ஃபோல்டரைத் திறந்தால் மறுபடி அதே கதை. ஒரு நாளைக்கு நூறு முறை ஃபோல்டர் திறந்து மூடுகிறவள் நான்.

ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓட்டினேன், சுத்தம் என்றது. டெம்ப் ஃபைல்களை அழித்தேன். விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ கட்டளை கொடுத்தேன், அதுவும் கோளாறு இல்லை என்றது. கடைக்கு வரும் சர்வீஸ் தம்பி, "விண்டோஸ் 10-க்குக் காலம் முடிந்துவிட்டது அக்கா, அதனால்தான். ஃபார்மேட் அடித்து 11 போட்டுவிடலாம், 1,500 ஆகும்" என்கிறார். ஐப்பசிக் கல்யாண ஆல்பங்களே முடியவில்லை, கார்த்திகை வேறு பிறந்துவிட்டது. இப்போது ஃபார்மேட் அடித்தால் ஃபாண்ட், பிளக்-இன் எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு வாரம் போய்விடும். வேறு வழி இருக்கிறதா?


கடைசிபெஞ்ச் · திங்கள், இரவு 11.25

அக்கா, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய் 'குவிக் அக்சஸ்' (அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) வரலாற்றை 'கிளியர்' செய்யுங்கள். அதே இடத்தில் எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது 'திஸ் பிசி' காட்டும்படி மாற்றுங்கள். அப்புறம் டிஸ்க் கிளீனப்பில் 'தம்ப்நெயில்ஸ்' (படங்களின் சிறு முன்னோட்டங்கள்) என்பதை டிக் செய்து அழியுங்கள். எனக்கு இதிலேயே சரியாகிவிட்டது.


பென்குயின்தாசன் · திங்கள், இரவு 11.41

லினக்ஸுக்கு மாறுங்கள். எட்டு வருடமாக எனக்கு ஃபோல்டர் தொங்கியதே இல்லை.


கடைசிபெஞ்ச் · திங்கள், இரவு 11.43

வந்துட்டார்யா. அக்கா ஃபோட்டோஷாப்பில் வேலை செய்கிறவர் தலைவா.


சர்வர்தாத்தா · செவ்வாய், காலை 6.05

தாசன் தம்பி, என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாக ஒரு சர்வரை இணைத்துவிட்டு அந்த சர்வரை அணைத்துப் பார். உன் லினக்ஸில் ஃபோல்டர் ஜன்னல் மட்டுமல்ல, டெர்மினலில் ஃபைல் பட்டியல் கேட்கும் எல்எஸ் கட்டளை அடித்தாலே திரும்பி வராது. நான் பார்க்காததா. தொங்குவது எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

அம்மா, ஃபார்மேட் இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது உண்மைதான். அதற்கு அர்த்தம் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது என்பது. ஃபோல்டர் திறக்காது என்பது அல்ல. அதுவும் போக, உங்கள் நான்காம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலிலேயே இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்கு வழியில் போடலாம், ஆனால் அது இந்த நோய்க்கு மருந்தாகாது.

அந்தச் சுண்ணாம்பு விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு நிரல் 5 வினாடிக்கு மேல் விண்டோஸ் அனுப்பும் சேதிகளை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், விண்டோஸ் அதன் மேல் வெளுத்த போலி ஜன்னல் ஒன்றைப் போர்த்திவிட்டு 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதும். நிரல் செத்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது சாகவில்லை, யாருக்காகவோ காத்திருக்கிறது. உங்களுக்குத்தான் தானாகவே சரியாகிறதே! ஆக எக்ஸ்ப்ளோரரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று பேரில் ஒருவர்: சாகக் கிடக்கும் டிஸ்க், பதில் சொல்லாத நெட்வொர்க், அல்லது எக்ஸ்ப்ளோரருக்குள் வந்து ஒட்டிக்கொண்ட வேறு மென்பொருளின் துண்டு.

இப்போது எதையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்து, ஒவ்வொரு முறை உறையும்போதும் எத்தனை வினாடி என்று பத்துத் தடவை குறித்துக்கொள்ளுங்கள். உறைந்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது தனியாகத் திறக்கும், டாஸ்க்பார் தேவையில்லை. ஃபோட்டோஷாப்பில் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போதும் தொங்குகிறதா? சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், எப்படி இருக்கிறது? நெட்வொர்க் இல்லாத சேஃப் மோடு ஒரு முறை, நெட்வொர்க்கோடு ஒரு முறை.


கடைசிபெஞ்ச் · செவ்வாய், காலை 9.30

ஸ்டாப்வாட்சா? தாத்தா, நாடி பிடிக்கிறீர்களா?


சர்வர்தாத்தா · செவ்வாய், காலை 9.52

ஆமாம்.


வன்னிமாஸ்டர் · செவ்வாய், மாலை 4.15

வணக்கம். எனக்கும் இதே கரைச்சல். நான் உயர்தர வகுப்பு மாணவருக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். லப்டொப்பில் எக்ஸ்ப்ளோரர் இறுகிப் போய் நிற்கிறது. ஆனால் எல்லாப் போல்டருக்கும் இல்லை. யூஎஸ்பியில் கொழுவுகிற 1 டிபி ஹாட் டிஸ்க்கில், 2019 வினாத்தாள் போல்டரைத் திறந்தால் மட்டும். ஒருமுறை 40 வினாடி, ஒருமுறை 2 நிமிடம், நேற்று 5 நிமிடம் இருந்தும் விடவில்லை. இடைக்கிடை டிக், டிக் என்று சத்தமும் கேட்கிறது. செக்டிஸ்க் ஆர் போட்டால் சரிவரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, 11 சதவீதத்தில் நிற்கிறது. பொறுத்துப் பார்க்கவா?


சர்வர்தாத்தா · செவ்வாய், மாலை 4.22

மாஸ்டர், அதை இப்போதே நிறுத்துங்கள். டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இது அக்காவின் நோய் இல்லை.

செக்டிஸ்க்கின் 'ஆர்' டிஸ்க் முழுவதையும் கடைசி செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய துண்டு) வரை படித்துப் பார்க்கும். படுத்த படுக்கையில் இருப்பவரை எழுப்பி மாடிப்படி ஏற வைப்பது போன்றது. முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், பழுதுபார்ப்பு அப்புறம். அந்த ஃபைல்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா?


வன்னிமாஸ்டர் · செவ்வாய், மாலை 4.40

நிறுத்திவிட்டேன் ஐயா. பிரதி இல்லை. பன்னிரண்டு வருடக் குறிப்புகள், எல்லாம் அதற்குள்தான்.


மட்டுறுத்துநர் · செவ்வாய், மாலை 5.10

ஒரு இழையில் இரண்டு பிரச்சினை ஓடுகிறது. பிரிக்கலாமா என்று பார்த்தேன். அறிகுறி ஒன்றாக இருந்து காரணம் வேறாக இருப்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று தோன்றியதால் விட்டுவைக்கிறேன். லினக்ஸ் சண்டை மட்டும் வேண்டாம்.


ஆல்பம்அக்கா · செவ்வாய், இரவு 10.30

ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்தேன். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கடைப் பையன் சிரிக்கிறான்.

வினாடிகள்: 22, 21, 22, 43, 21, 22, 22, 21, 43, 22. நிஜமாகவே இப்படித்தான் வந்தது, நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் டிஸ்க் 1, 2 சதவீதம்தான், சிபியுவும் சும்மாதான் இருந்தது. ஃபோட்டோஷாப்பில் 'சேவ் ஆஸ்' கொடுத்தாலும் அதே தொங்கல், ஃபோட்டோஷாப்புக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். வெறும் சேஃப் மோடில் ஒரு தடவைகூடத் தொங்கவில்லை. மூன்று வாரத்தில் இப்போதுதான் ஃபோல்டர் பட்டென்று திறந்ததைப் பார்த்தேன். நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோடில் பழையபடி ஆகிவிட்டது.


சர்வர்தாத்தா · புதன், காலை 5.50

அருமை அம்மா. நோயாளி இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எடுத்தால் வைத்தியனுக்கு வேலையே இல்லை.

டிஸ்க் கெட்டிருந்தால் நேரம் மாஸ்டருக்கு வருவதுபோல் 40 வினாடி, 2 நிமிடம் என்று கண்டபடி வரும். டிஸ்க் சதவீதம் 100-ஐத் தொட்டு நிற்கும், ஆனால் வேகம் பூஜ்யத்தில் இருக்கும். படங்களின் தம்ப்நெயில் உருவாக்குவதில் சிக்கல் என்றால் படம் அதிகமுள்ள ஃபோல்டரில் அதிக நேரம் ஆகும். உங்களுக்கு எந்த ஃபோல்டரானாலும் 21, 22. இப்படிக் கடிகாரம் வைத்ததுபோல் வந்தால் அது உழைக்கிற நேரம் இல்லை, எங்கோ எழுதிவைத்த பொறுமையின் அளவு.

விண்டோஸ் இன்னொரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் 3 வினாடி காத்திருக்கும். மறுபடி கூப்பிட்டு 6 வினாடி, கடைசியாக ஒரு முறை கூப்பிட்டு 12 வினாடி. கூட்டினால் 21. 43 வந்த இடங்களில் அதே கதவை இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகத் தட்டியிருக்கிறார்கள்.

'சேவ் ஆஸ்' தொங்குவதற்கும் இதே காரணம்தான். அந்தப் பெட்டி ஃபோட்டோஷாப்புடையது அல்ல. எக்ஸ்ப்ளோரரின் அதே பாகங்களை விண்டோஸ் இரவல் கொடுக்கிறது. டாஸ்க்பாரும் டெஸ்க்டாப்பும் எக்ஸ்ப்ளோரர் என்ற அதே நிரலுக்குள்தான் ஓடுகின்றன, அதனால்தான் குடும்பத்தோடு நிற்கின்றன.

சரி, ஒரு கேள்வி. மூன்று வாரத்துக்கு முன் என்ன மாறியது? கம்ப்யூட்டரில் அல்ல, கடையில்.


ஆல்பம்அக்கா · புதன், காலை 10.20

கடையில் ஒன்றும் மாறவில்லையே ஐயா. தீபாவளி முடிந்து பெயிண்ட் அடித்தோம். பில் போடும் கம்ப்யூட்டரைக் கீழே மாற்றினோம். நெட் வேகம் போதவில்லை என்று பழைய இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம், அவர்களே புது ரௌட்டர் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு ஒன்றும் இல்லை.


கடைசிபெஞ்ச் · புதன், காலை 10.24

"வேறு ஒன்றும் இல்லை." அக்கா 😂


சர்வர்தாத்தா · புதன், காலை 10.40

சிரிக்காதே தம்பி. நெட் நன்றாக ஓடும்போது ரௌட்டர் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

அம்மா, ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்துக் கட்டளைத் திரையைத் திறந்து 'நெட் யூஸ்' என்று இரண்டு சொல் மட்டும் அடியுங்கள். ஐபி கான்ஃபிக் என்றும் ஒரு முறை சேர்த்து அடியுங்கள். என்ன வருகிறது?


ஆல்பம்அக்கா · புதன், பகல் 1.15

நெட் யூஸ் அடித்தால்: இசட் டிரைவ், 'அன்அவெய்லபிள்', பக்கத்தில் 192.168.1.10, பில். இது பில் கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டர். முன்பு அதில்தான் வாடிக்கையாளர் பட்டியல் பார்ப்பேன், இப்போது பையன் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுகிறான், அதனால் திறப்பதே இல்லை. ஐபி கான்ஃபிக்கில் என் கம்ப்யூட்டர் 192.168.0.104 என்று காட்டுகிறது.


சர்வர்தாத்தா · புதன், பகல் 2.05

பிடித்துவிட்டோம்.

பழைய ரௌட்டர் உங்கள் கடைக்கு 192.168.1 என்று தெருப் பெயர் வைத்திருந்தது. பில் கம்ப்யூட்டர் அந்தத் தெருவில் 10-ஆம் வீடு. புது ரௌட்டர் வந்து தெருப் பெயரையே 192.168.0 என்று மாற்றிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரின் நோட்டில் இன்னும் பழைய விலாசம்தான் இருக்கிறது. அந்த விலாசம் தன் தெருவில் இல்லை என்பதால், "வெளியூர் போலிருக்கிறது" என்று ரௌட்டரிடம் கொடுக்கிறது. ரௌட்டர் இணைய நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. 192.168 என்று தொடங்கும் விலாசங்கள் வீட்டுக்குள் புழங்குவதற்கு மட்டுமே ஆனவை, பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. எனவே அங்கே அந்தச் சேதி சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறது. "இல்லை" என்று ஒரு பதில் வந்திருந்தால் எக்ஸ்ப்ளோரர் உடனே நகர்ந்திருக்கும். ஒன்றுமே வராததால் 21 வினாடியும் காத்திருக்கிறது.

நீங்கள் இசட் டிரைவைத் திறக்காவிட்டாலும் எக்ஸ்ப்ளோரர் அதைத் தொட்டுப் பார்க்கும். இடது பக்கப் பட்டியலை வரைய வேண்டுமே!

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்த முறை உறைந்ததும் கட்டளைத் திரையில் நெட்ஸ்டாட், ஒரு இடைவெளி, கழித்தல் குறி, ஏ, என், ஓ என்று அடியுங்கள். 192.168.1.10 பக்கத்தில் 445 என்ற எண்ணும் (ஃபைல் பகிர்வின் கதவு எண்) 'சின் சென்ட்' என்ற நிலையும் தெரியும். கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன் என்று பொருள். கடைசி நெடுவரிசையில் எக்ஸ்ப்ளோரரின் எண்ணைத் தேடாதீர்கள், அங்கே 4 என்று இருக்கும். ஃபைல் பகிர்வு வேலையை விண்டோஸின் கருவே செய்வதால் அது 'சிஸ்டம்' கணக்கில் வரும். பலர் இங்கேதான் ஏமாந்து போவார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இது முக்கியம். கேபிள் இல்லாவிட்டால் வழியே இல்லை என்று உடனே தெரிந்துவிடும், எக்ஸ்ப்ளோரர் தொங்காது. செருகி வைத்துக்கொண்டே செய்தால் ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் 21 வினாடி தண்டம். பிடுங்கிய பிறகு 'திஸ் பிசி'யில் இசட் டிரைவை ரைட் கிளிக் செய்து 'டிஸ்கனெக்ட்' கொடுங்கள். குவிக் அக்சஸில் இசட் டிரைவின் ஃபோல்டர் ஏதாவது குத்தி வைத்திருந்தால் அதையும் 'அன்பின்' செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் அதற்கு ஷார்ட்கட் இருந்தால் அதையும் நீக்குங்கள், ஷார்ட்கட்டுக்கு ஐகான் தேடிக்கூட எக்ஸ்ப்ளோரர் அங்கே போகும். எல்லாம் முடிந்து ஒரு ரீஸ்டார்ட். அதன்பின் கேபிளைச் செருகுங்கள்.


கடைசிபெஞ்ச் · புதன், பகல் 2.30

அப்போது நான் முதல் நாளே சொன்ன குவிக் அக்சஸ் பதில் பாதி சரிதானே? மதிப்பெண் உண்டா?


நிரல்மொழி · புதன், பகல் 2.48

பாதி மதிப்பெண் தரலாம். வரலாற்றை 'கிளியர்' செய்தால் சமீபத்தில் திறந்தவைதான் போகும், குத்தி வைத்தவை போகாது. இசட் டிரைவும் அப்படியே இருந்திருக்கும். அக்காவுக்கு 43 எல்லாம் 22 ஆகியிருக்கலாம், அவ்வளவுதான்.


ஆல்பம்அக்கா · புதன், இரவு 9.05

நெட்ஸ்டாட்டில் ஐயா சொன்ன அதே வரி, அதே 445, கடைசியில் அதே 4. எனக்குப் புல்லரித்துவிட்டது. கேபிளைப் பிடுங்கினேன், இசட்டை எடுத்தேன். குவிக் அக்சஸில் 'கஸ்டமர் லிஸ்ட்' என்று ஒன்றைக் குத்தி வைத்திருந்தேன், அதையும் எடுத்தேன். ரீஸ்டார்ட். இப்போது ஃபோல்டர் தட்டினால் கண் சிமிட்டுவதற்குள் திறக்கிறது. ஐயா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். 1,500 ரூபாய் மிச்சம், ஒரு வாரமும் மிச்சம்.


பென்குயின்தாசன் · புதன், இரவு 9.20

வாழ்த்துகள் அக்கா. மாஸ்டர், உங்கள் டிஸ்க் என்ன ஆயிற்று? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைப் பாருங்கள். ஒரு நிமிடம் செருகிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். சி5 என்ற வரியில் என்ன எண் இருக்கிறது?


வன்னிமாஸ்டர் · வியாழன், காலை 7.10

மஞ்சள் நிறத்தில் 'கோஷன்' என்று காட்டுகிறது. சி5 வரியில் நிறையப் பூஜ்யம், கடைசியில் 1ஏ8. எண்ணுக்குள் எழுத்து ஏன் வருகிறது?


பென்குயின்தாசன் · வியாழன், காலை 8.00

அது பதினாறடிமானத்தில் காட்டும், 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் எண்ணாகும் முறை. 1ஏ8 என்றால் 424. அதாவது 424 செக்டர்களைப் படிக்க முடியாமல் டிஸ்க் ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறது. நீங்கள் 2019 ஃபோல்டரைத் திறக்கும்போது அவற்றில் ஏதோ ஒன்றின் மேல் டிஸ்க்கின் படிக்கும் தலை போய் நின்று திரும்பத் திரும்ப முயற்சிக்கிறது. அந்த டிக் சத்தமும் பெரும்பாலும் அதுதான்.

இதை விண்டோஸில் காப்பி பேஸ்ட் செய்து மீட்க முயற்சிக்க வேண்டாம். முதல் கெட்ட செக்டரிலேயே நின்று டிஸ்க்கை இன்னும் வாட்டும். (மட்டுறுத்துநர் மன்னிக்க, இது சண்டை அல்ல.) ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள், உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. அதில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். எதுவரை முடித்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போவதால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு எச்சரிக்கை. புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, 2 டிபி வாங்கிவிடுங்கள். கட்டளையில் முதலில் எழுதுவது மூலம், இரண்டாவது இலக்கு. மாற்றி எழுதினால் வெற்று டிஸ்க்கை உங்கள் பன்னிரண்டு வருடத்தின் மேல் எழுதிவிடும். கட்டளையை இங்கே எழுதுங்கள், நான் சரிபார்த்த பிறகு என்டர் தட்டுங்கள்.


சர்வர்தாத்தா · வியாழன், காலை 8.15

தாசன் சொல்வது நூற்றுக்கு நூறு. செவ்வாய்க்கிழமை பேசியதை வாபஸ் வாங்குகிறேன். என்எஃப்எஸ் பற்றியது தவிர.


ஆல்பம்அக்கா · சனி, மாலை 6.40

மறுபடியும் நான்தான். ஃபோல்டர்கள் எல்லாம் சரி. ஆனால் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரில் மட்டும், அதுவும் பெரிய ஐகானாக வைத்துப் பார்த்தால், எக்ஸ்ப்ளோரர் நின்றுவிடுகிறது. சில சமயம் முழுதாக மூடி, டாஸ்க்பார் மறைந்து, திரும்ப வருகிறது. இது முன்பும் இருந்ததா என்று தெரியவில்லை, அந்த 21 வினாடிக் கூத்தில் கவனித்திருக்க மாட்டேன். ஸ்டாப்வாட்சில் 8, 30, 15 என்று தாறுமாறாக வருகிறது. டிஸ்க்கும் போய்விட்டதோ என்று பயந்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தேன். நீலம், 'குட்'.


நிரல்மொழி · சனி, இரவு 8.10

அக்கா, விண்டோஸுக்குத் தானாகப் பிஎஸ்டியின் தம்ப்நெயில் காட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது என்றால் வேறு ஏதோ மென்பொருள் காட்டுகிறது. இணையத்திலிருந்து இலவசமாக எதையாவது இறக்கிப் போட்டீர்களா?


ஆல்பம்அக்கா · சனி, இரவு 8.30

ஆமாம், போன வருடம் ஒரு நண்பர் கொடுத்தார். பிஎஸ்டி எல்லாம் படமாகத் தெரியுமே என்று போட்டேன். ரொம்ப வசதியாக இருந்தது.


நிரல்மொழி · சனி, இரவு 9.00

தாத்தா முதல் நாள் சொன்ன மூன்றாவது ஆள் இவர்தான். இப்படிப்பட்ட துண்டுகளை ஷெல் எக்ஸ்டென்ஷன் என்போம். பிடிஎஃப் மென்பொருள், ஜிப் மென்பொருள், மேகச் சேமிப்பு என்று எதை நிறுவினாலும் ரைட் கிளிக் மெனுவிலோ ஐகானிலோ தன் பங்குக்கு ஒன்றைச் செருகிவிட்டுப் போகும். அவற்றில் பல தனி நிரலாக ஓடாமல் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஓடுகின்றன. நம் வீட்டுச் சமையலறையில் விருந்தாளி வந்து சமைப்பது போல. அவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்கினால் எரிவது நம் வீடு. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எக்ஸ்ப்ளோரர் பெயர்தான் கெடும்.

ஐகான் மூலையில் பச்சை டிக், நீல அம்பு என்று சின்ன அடையாளம் வருமே, அதற்கு விண்டோஸ் மொத்தம் 15 இடம்தான் தருகிறது, அதிலும் சிலவற்றை அதுவே எடுத்துக்கொள்கிறது. பட்டியல் அகர வரிசையில் போவதால் முந்தி நிற்க ஆசைப்பட்டு சில நிறுவனங்கள் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்று இடைவெளி சேர்த்துப் பதிவு செய்துகொள்கின்றன. ரேஷன் கடை வரிசையில் செருப்பை வைத்து இடம் பிடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உங்களுக்கு எது என்று ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிரூபித்துவிடலாம். நிர்சாஃப்ட் தளத்தில் ஷெல் எக்ஸ் வியூ என்ற சின்ன இலவசக் கருவி இருக்கிறது. உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால் 64 பிட் பதிப்பையே எடுங்கள். மைக்ரோசாஃப்ட் அல்லாதவை இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும். வெள்ளையில் இருப்பவற்றைத் தொடாதீர்கள். பிஎஸ்டி தம்ப்நெயில் என்பதை அணைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதில் சரியாகாவிட்டால் மட்டும் பாதிப் பாதியாக அணைத்துப் பாருங்கள். 37 இருந்தாலும் ஆறு சுற்றில் குற்றவாளி தனியாக நிற்பார்.


கடைசிபெஞ்ச் · சனி, இரவு 9.12

எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிட்டால் என்ன?


நிரல்மொழி · சனி, இரவு 9.20

தொங்கல் நிற்கும். எதனால் நின்றது என்று தெரியாது. திரும்ப எல்லாவற்றையும் இயக்கும் நாளில் தொங்கலும் திரும்ப வரும்.


ஆல்பம்அக்கா · ஞாயிறு, காலை 11.30

முதல் அடியிலேயே விழுந்துவிட்டது. அந்த ஒன்றை அணைத்தேன், பிஎஸ்டி ஃபோல்டர் சரியாகிவிட்டது. சந்தேகத்துக்கு மறுபடி இயக்கிப் பார்த்தேன், உடனே நின்றது. அந்த மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஆல்பம் ஷீட்டையும் ஜேபெக்காகவும் பக்கத்தில் சேமித்துக்கொள்ளப் போகிறேன், பார்ப்பதற்கு அது போதும்.

இன்னொன்று. பில் கம்ப்யூட்டரை மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது, பையன் எழுத்து எனக்குப் புரியவில்லை. இந்தத் தடவை எப்படி இணைத்தால் திரும்ப இந்தக் கூத்து வராது?


சர்வர்தாத்தா · ஞாயிறு, பகல் 12.05

எண்ணைக் கொடுத்து இணைக்காதீர்கள், அந்தக் கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்து இணையுங்கள். ரௌட்டர் மாறினாலும் பெயர் மாறாது. கூடவே ரௌட்டரின் அமைப்பில் போய் பில் கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணை ஒதுக்கி வைத்துவிடுங்கள், 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். ஆனால் பில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நீங்கள் மட்டும் இரவில் வேலை செய்தால் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும். அதனால் இசட் என்று டிரைவாக ஏற்ற வேண்டாம். டெஸ்க்டாப்பிலும் வேண்டாம். அந்த ஷார்ட்கட்டை டி டிரைவில் தனி ஃபோல்டருக்குள் போட்டுவிடுங்கள், தேவைப்படும்போது போய்த் திறக்கலாம்.


ஆல்பம்அக்கா · ஞாயிறு, பகல் 12.20

சரிங்க ஐயா. சர்வீஸ் தம்பி நேற்று வந்து "11 போட்டுட்டீங்களா அக்கா, சூப்பரா ஓடுதே" என்றார். இந்த இழையைத்தான் படிக்கக் கொடுத்தேன்.


வன்னிமாஸ்டர் · அடுத்த புதன், இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாகத் தாசன் தம்பிக்கு. நான் எழுதிய முதல் கட்டளையில் மூலமும் இலக்கும் மாறித்தான் இருந்தது, அவர் தனிமடலில் பிடித்துத் தந்தார். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஒன்றரை நாள் ஓடியது. இடையில் இரண்டு தரம் கரண்ட் போனது, லப்டொப்பில் பற்றரி இருந்தாலும் டிஸ்க் விடுபட்டுவிட்டது. மேப் ஃபைல் இருந்தபடியால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. புது டிஸ்க்கில் செக்டிஸ்க் போட்ட பிறகு எல்லாப் போல்டரும் திறக்கின்றன. 2019-இல் இரண்டு பிடிஎஃப் மட்டும் திறக்கவில்லை. ஒன்று பழைய மாணவியிடம் அச்சுப் பிரதியாக இருக்கிறதாம், ஸ்கேன் செய்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? திரும்பப் பாவிக்கலாமா?


பென்குயின்தாசன் · அடுத்த புதன், இரவு 9.00

வேண்டவே வேண்டாம் மாஸ்டர். ஃபார்மேட் செய்தால் சி5 எண் குறைந்துகூடக் காட்டும், நம்பாதீர்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், மாணவர் விவரங்கள் உள்ளே இருக்கும். புது டிஸ்க்குக்கு இன்னொரு பிரதியை இந்த வாரமே எடுத்து வையுங்கள்.


சர்வர்தாத்தா · அடுத்த புதன், இரவு 9.10

நட்சத்திர வடிவ ஸ்குரூ டிரைவர் இருந்தால் பழையதைத் திறந்து பாருங்கள். தலையை அசைக்கும் கையின் பக்கத்தில் காந்தம் இருக்கும், சின்னதாக இருந்தாலும் பிடிவாதமானது. விரலை இடையில் விட்டுவிடாதீர்கள். என் வீட்டு ஃபிரிட்ஜில் பால் கணக்குச் சீட்டு பத்து வருடமாக அதில்தான் தொங்குகிறது.